பிணைச்சல் வைத்த மோதிரம்

2006ஆம் ஆண்டு ஜூலை மாதம் லண்டனில் அடித்த வெயிலை அப்போது இங்கே இருந்த எவரும் மறந்திருக்க மாட்டார்கள். நான் பஸ் சாரதி. முன்கண்ணாடிக்குப் பின்னால் இருந்து வெந்துகொண்டே கோலியர்ஸ் வுட்டுக்கும் கிங்ஸ்டனுக்கும் இடையில் ஓடித் திரிந்தேன். தெருவோரப் புல்லெல்லாம் வைக்கோல் நிறமாகிவிட்டது. அந்த வெயிலில்தான் எங்கள் அயலில் இருந்த பாலாம்பிகை அன்ரியின் மோதிர விரல் வீங்கி, ஆஸ்பத்திரியில் மோதிரத்தை வெட்டி எடுக்க வேண்டி வந்தது.

வெட்டியதில் பிழையில்லை. விரல் நீலம் பாரித்துவிட்டதாம். ஒரு தாதி சின்னச் சக்கரம் வைத்த கருவியால் பொறுமையாக அறுத்து, மோதிரத்தை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுத்திருக்கிறாள். வந்த சனிக்கிழமை அன்ரி அந்தப் பையோடு என் மனைவி பியற்றிஸின் கடைக்கு முன்னால் வந்து நின்றார்.

கடை என்றதும் பெரிதாக நினைத்துவிடக் கூடாது. வாண்டில் ஆற்றங்கரையில், பழைய துணி ஆலை இருந்த வளவில், சனி ஞாயிறுகளில் கைவினைச் சந்தை ஒன்று கூடும். அதில் எங்களுக்கு ஒரு மேசையும் மேலே ஒரு பச்சைக் கூடாரமும். கறுப்பு வெல்வெட் துணியின் மேல் வெள்ளி மோதிரங்கள், தோடுகள், சந்திரகாந்தக் கல் வைத்த பதக்கங்கள். எல்லாம் எங்கள் வீட்டுச் சின்ன அறையில் அவள் தன் கையால் செய்தவை. விடுமுறை நாள்களில் நானும் போய் நிற்பேன். பொருள்களைத் தூக்குவதும் தேத்தண்ணி வாங்கி வருவதும் என் வேலை. விலை கேட்டால் அவளைக் கைகாட்டிவிடுவேன்.

பியற்றிஸ் பரம்பரையாக நகைத் தொழில் செய்தவர்களின் பிள்ளை அல்ல. நாங்கள் இருவரும் யாழ்ப்பாணத்துப் பாசையூர்க்காரர். எங்கள் இரண்டு வீட்டாருக்கும் தெரிந்தது கடலும் வலையும்தான். அகதிகளாக ஜெர்மனிக்குப் போனபோது எங்களை ஃபோர்ட்ஸ்ஹைம் என்ற ஊரில் இருத்தினார்கள். அது நகை செய்கிற ஊர். சங்கிலித் தொழிற்சாலை ஒன்றில் அவளுக்கு வேலை கிடைத்தது. நாள் முழுக்கப் பூதக்கண்ணாடிக்குக் கீழே வளையத்தோடு வளையத்தைப் பற்றவைக்க வேண்டும். கூட வேலை செய்தவர்கள் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருக்க, இவள் ‘இந்த இடத்தில் ஏன் நெருப்பைத் தூரப் பிடிக்க வேண்டும், அந்த இடத்தில் ஏன் கிட்டப் பிடிக்க வேண்டும்’ என்று யோசித்துக்கொண்டிருந்தாள். பிறகு அந்த ஊர் நகைப் பள்ளிக்கூடத்தில் பின்னேர வகுப்புக்குச் சேர்ந்தாள். பனி கொட்டுகிற நாள்களிலும் போவாள். ஜெர்மன் மொழி வராத காலத்திலும் போனாள். ‘கை பேசினால் வாய் பேசத் தேவையில்லை’ என்று சொல்லுவாள்.

பிள்ளைகளை ஆங்கிலத்தில் படிப்பிக்கலாம் என்று பலரையும் போல நாங்களும் லண்டனுக்கு மாறினோம். நகைக் கடைகளில் வேலை கேட்டுப் போனாள். நகை மினுக்குகிற வேலை மட்டும்தான் தருவோம் என்றார்கள், வேண்டாமென்று வந்துவிட்டாள். அவள் பள்ளிக்கூடச் சமையலறை ஒன்றில் வேலைக்குப் போய்க்கொண்டு, மிச்ச நேரத்தில் தன் மேசையில் இருந்தாள். நடுவில் அரைவட்டமாக வெட்டிய மேசை. கீழே தோல் விரித்திருக்கும், அரத்தூள் அதில் விழும். அந்த மேசைக்கு முன் அவள் இருக்கும்போது கதவைத் தட்டிக் கேட்டால் பதில் வராது. கோபம் இல்லை, காதில் விழுவதில்லை. அவ்வளவுதான்.

எங்கள் சனம் கடையைப் பார்த்து, “சோக்கான வேலை” என்று சொல்லும். “பவுணிலை இல்லையோ?” என்று தங்கத்தில் கேட்கும். பிறகு போய்விடும். வெள்ளியை மோதிரமாக வாங்கிப் போட எங்கள் ஆள்களுக்கு மனம் வராது. வாங்குவது எல்லாம் மற்ற ஆள்கள்.

பாலாம்பிகை அன்ரியும் அப்படிக் கடந்து போனவர்தான். பருத்தித்துறையில் மிட்வைஃபாக இருந்து ஓய்வு பெற்று, மகள் தர்மிகாவோடு இருக்க வந்தவர். எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருந்தார். நிமிர்ந்த நடை, உரத்த குரல். கோயிலில் அவர் வரிசையில் நின்றால் வரிசை தானாக நேராகும் என்று சொல்வார்கள்.

அன்றைக்கு அவர் பையை மேசையில் கவிழ்த்தார். நடுவே அறுத்து இரண்டு பக்கமும் விரித்த தங்க மோதிரம். மேலே தெளிந்த நீலக்கல்.

“பிள்ளை, நகைக் கடைக்காரரிட்டைப் போனனான். பெருப்பிச்சுத் தாறம் எண்டினம். பெருப்பிச்சால் மொளிக்குள்ளாலை போகும்தான், பிறகு அடியிலை நிக்காமல் சுத்தும். கல்லு உள்ளங்கைக்கு வந்திடும். ஒருநாள் கழண்டு விழும். எனக்கு அது வேண்டாம். உம்மாலை ஏலுமோ?”

பியற்றிஸ் மோதிரத்தைத் தொடவில்லை. அன்ரியின் கையைப் பிடித்துப் பார்த்தாள். வாதத்தால் விரலின் நடு மூட்டு, அந்த மொளி, பருத்து, ஒரு பாக்கு அளவில் நின்றது. அதற்குக் கீழே விரல் மெலிவு. மொளியைத் தாண்டுகிற எந்த மோதிரமும் அடியில் தளரும். அடியில் பொருந்துகிற எதுவும் மொளியைத் தாண்டாது.

“ஆர் வாங்கித் தந்தது அன்ரி?”

“ஆரும் வாங்கித் தரேல்லை. என்ரை முதல் சம்பளக் காசுகளைச் சேர்த்து நானே வாங்கினது. கலியாணத்துக்கு முந்தி.” அன்ரி சுற்றிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “ஒவ்வொரு பிள்ளைப்பேறுக்கும் கழட்டி வைப்பன். பிள்ளை அழுத பிறகு கையைக் கழுவிப்போட்டு எடுத்துப் போடுவன். அப்பதான் வேலை முடிஞ்ச மாதிரி. இப்ப ஆவணியிலை தர்மிகாவுக்குக் கலியாணம். வெறும் விரலோடை சபையிலை நிக்க எனக்கு விருப்பமில்லை.”

“செய்து பாக்கிறன்.”

“பாக்கிறன் எண்டு சொல்லாதையும். ஏலும் எண்டால் ஏலும், ஏலாது எண்டால் ஏலாது.”

பியற்றிஸ் சிரித்தாள். “செய்து பாத்தால்தான் அன்ரி எனக்கே தெரியும்.”

அந்தப் பதில் அன்ரிக்குப் பிடிக்கவில்லை என்று முகத்தில் தெரிந்தது. ஆனாலும் பையை எடுத்துக்கொண்டு போகவில்லை.

அன்று பின்னேரமே பியற்றிஸ் கடதாசியில் வரையத் தொடங்கினாள். மோதிரத்தின் ஒரு பக்கத்தில், கதவுக் கீல் மாதிரி ஒரு பிணைச்சல். மற்றப் பக்கத்தில் பூட்டு. கதவு போலத் திறந்து, விரலைச் சுற்றி மூடிக்கொள்ள வேண்டும். அப்படி மோதிரங்கள் உலகத்தில் இல்லாமல் இல்லை. தொழிற்சாலையில் செய்தவற்றை அவள் பார்த்திருக்கிறாள். ஆனால் அவை தடித்தவை. அன்ரியின் மோதிரம் ஒரு பெண்ணின் விரலுக்குச் செய்த மெல்லிய மோதிரம். அந்த மெல்லிசிலேயே பிணைச்சலும் தெரியக் கூடாது, பூட்டும் தெரியக் கூடாது என்று தனக்குத் தானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டாள். அப்படிச் செய்யச் சொல்லி ஒருவரும் அவளைக் கேட்கவில்லை.

முதலில் வெள்ளியில் ஒரு மாதிரி. ஊசிமுனையில் நிற்கக்கூடிய குழாய்த் துண்டுகளை அறுத்து, ஒன்று இந்தப் பாதியிலும் அடுத்தது அந்தப் பாதியிலுமாக மாறிமாறிப் பற்றவைத்து, நடுவால் கம்பி கோத்தாள். நெருப்பு ஒரு கணம் கூடினால் குழாய்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பிணைச்சல் அசையாத கட்டியாகிவிடும். இரண்டு முறை அப்படி ஆயிற்று. அவள் முகம் மாறவில்லை. கட்டியான துண்டை உருக்குகிற கிண்ணத்தில் போட்டுவிட்டு அடுத்ததை எடுத்தாள். பஸ்ஸில் ஒரு சிவப்பு விளக்குக்கே நான் பல்லைக் கடிக்கிறவன். அவள் பொறுமையைப் பார்த்துக்கொண்டு கதவடியில் நின்றது இன்றைக்கும் நினைவிருக்கிறது.

மாதிரி நன்றாக வந்தது. உள்ளங்கைப் பக்கமாகப் பூட்டு. மூடினால் ‘டிக்’ என்று ஒரு சத்தம். அன்ரி அதைப் போட்டுக் கையை நீட்டிப் பார்த்து, “ம்” என்றார். அவர் ‘ம்’ சொன்னால் சந்தோஷம் என்று அர்த்தம்.

“ஒரு கிழமை போட்டுத் திரியுங்கோ. எல்லா வேலையும் செய்யுங்கோ. பிறகு பவுணிலை செய்யிறன்” என்று சொல்லி அனுப்பினாள் பியற்றிஸ்.

ஒரு கிழமை தேவைப்படவில்லை. அடுத்த நாள் காலையிலேயே தொலைபேசி அடித்தது. நான்தான் எடுத்தேன்.

“தம்பி யேசுரட்ணம், உம்மடை மனிசியிட்டைச் சொல்லும், மோதிரம் இடியப்பத்துக்குள்ளை போட்டுதெண்டு.”

சிரிப்பை அடக்கிக்கொண்டு விஷயத்தைக் கேட்டேன். அன்ரி இடியப்பத்துக்கு மாக் குழைத்திருக்கிறார். குழைக்கும்போது உள்ளங்கைப் பக்கம் அழுத்தம் வந்து பூட்டுத் திறந்திருக்கிறது. மோதிரம் மாவோடு மாவாகி, இடியப்ப உரலுக்குள் போய், பிழியும்போது அடைத்துக்கொண்டு நின்றிருக்கிறது. தர்மிகா சத்தமாகச் சிரிப்பது தொலைபேசியில் கேட்டது. அன்ரி சிரிக்கவில்லை.

நான் சொன்னதைக் கேட்டு பியற்றிஸ் கவலைப்படுவாள் என்று நினைத்தேன். அவள் செருப்பைப் போட்டுக்கொண்டாள்.

“எங்கை போறீர்?”

“மா இன்னும் கையிலை இருக்கேக்கை பாக்கவேணும்.”

நானும் கூடப் போனேன். அன்ரியின் குசினியில் அவள் கதிரையை இழுத்துப் போட்டு இருந்துகொண்டாள். “அன்ரி, நீங்கள் ஒவ்வொரு நாளும் செய்யிறதைச் செய்யுங்கோ. நான் சும்மா இருக்கிறன்” என்றாள். முதலில் அன்ரிக்கு அது சங்கடமாக இருந்தது. பிறகு பழகிவிட்டார். உரலிலிருந்து எடுத்துக் கழுவிய மோதிரத்தைப் போட்டுக்கொண்டு மிச்ச மாவைக் குழைத்தார். துணி முறுக்கினார். போத்தல் மூடி திறக்க முயன்று, முடியாமல் மேசை விளிம்பில் தட்டித் திறந்தார். தேங்காய் திருவினார். பியற்றிஸின் கண் அவர் கையை விட்டு நகரவில்லை. பைபிள் வாசிக்கிறபோதுகூட அவள் அப்படி இருந்து நான் கண்டதில்லை.

அன்ரி மோதிரத்தைத் திறக்க முயன்றபோதுதான் உண்மையான சிக்கல் தெரிந்தது. பூட்டின் சின்ன நாக்கை நகத்தால் நெம்ப வேண்டும். அன்ரியின் மற்றக் கை விரல்களும் வாதம் பிடித்தவை. நெம்ப அவரால் முடியவில்லை. தர்மிகாவைக் கூப்பிட்டார், அவள்தான் திறந்துவிட்டாள்.

திரும்பி நடந்து வரும்போது பியற்றிஸ் சொன்னாள்: “நான் கல்லையும் பவுணையும் பற்றித்தான் யோசிச்சனான். கையைப் பற்றி யோசிக்கேல்லை. மற்ற ஆள் திறந்துவிட்டால்தான் கழட்டலாம் எண்டால் அது மோதிரமில்லை, விலங்கு.”

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தேவாலயப் பூசையால் வந்ததும் அவள் செய்த காரியத்தை நான் வேறு எவரிடமும் கண்டதில்லை. ஐஸ்பழக் குச்சிகளை முறித்து, தன் விரல்களில் வைத்து, பிளாஸ்டர் சுற்றிக் கட்டினாள். இரண்டு கையிலும். விரல்கள் மடங்காமல் விறைத்து நின்றன. அந்தக் கையோடு சமைத்தாள், கோப்பை கழுவினாள், சட்டையின் பொத்தானைப் பூட்ட முயன்றாள். கிளாஸ் ஒன்று விழுந்து உடைந்தது. எங்கள் மகள் கோசிகா, “அம்மா, ஆர் யூ ஓகே?” என்று கேட்டுவிட்டு என்னைப் பார்த்தாள்.

“கழட்டுமன், கையைச் சுட்டுக்கொள்ளப் போறீர்” என்றேன்.

“அன்ரியாலை கழட்ட ஏலுமோ?”

நான் உடைந்த கிளாஸைக் கூட்டி அள்ளினேன்.

கட்டிய கையோடு அவள் வெள்ளி மோதிரத்தை எத்தனையோ விதமாகத் திறக்க முயன்றாள். நுனி விரலால் முடியாத வேலை எது, பெருவிரலின் பக்கவாட்டால் முடிகிற வேலை எது, மேசை விளிம்பில் அழுத்தினால் எது நடக்கும் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பின்னேரம் ஆனதும் கட்டை அவிழ்க்கச் சொல்லிக் கையை நீட்டினாள். விரல்கள் சிவந்து தடித்திருந்தன. அவிழ்த்து முடிய, “தள்ளவேணும். நெம்பக் கூடாது. தள்ளினால் திறக்கவேணும்” என்றாள்.

அதற்குப் பிறகு அவள் செய்த மாதிரியில் பூட்டு உள்ளங்கைப் பக்கம் இருக்கவில்லை. மேலே, கல்லின் தோளோரம் வந்துவிட்டது. அங்கே மாக் குழைக்கிற அழுத்தம் வராது. கல்லின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு தாமரை மொட்டு. பார்க்கிறவர்களுக்கு வெறும் அலங்காரம். ஒன்று அசையாது, மற்றதைப் பெருவிரலின் பக்கத்தால் விரல் நுனி நோக்கித் தள்ளினால் மோதிரம் மலர்ந்து திறக்கும். பெருவிரலும் உதவாத நாளில் மேசை விளிம்பில் வைத்துத் தள்ளலாம்.

அன்ரி அந்த வெள்ளி மாதிரியோடு மாக் குழைத்தார், உடுப்புத் தோய்த்தார், தர்மிகாவின் கலியாணப் பலகாரத்துக்கு உளுந்து அரைத்தார். மோதிரம் அசையவில்லை. ஆனால் பவுணில் செய்யப் போனபோது இருவருக்கும் வாக்குவாதம் வந்தது.

“பூட்டின்ரை உள் நாக்கும் பிணைச்சல் கம்பியும் இருபத்திரண்டு கரட்டிலை செய்யேலாது அன்ரி. அது மெது. வளைஞ்சால் வளைஞ்சதுதான், நிமிராது. கலப்புக் கூடின பவுண் வேணும். அதுக்குத்தான் முறுக்கு இருக்கு.”

“மாற்றுக் குறைஞ்ச பவுணோ? என்ரை மோதிரத்திலையோ?”

“ஓம்.”

“ஏலாது பிள்ளை.”

“அப்ப நானும் செய்யேல்லை.” பியற்றிஸ் இதைச் சத்தம் போட்டுச் சொல்லவில்லை. பையை எடுத்து அன்ரியின் பக்கம் மெதுவாக நகர்த்தினாள். “முழுக்க இருபத்திரண்டிலை செய்து தந்தால் இண்டைக்கு உங்களுக்குச் சந்தோஷம். வாற வரியம் கல்லோடை எங்கையாவது விழுத்திப்போட்டு வந்து நிப்பீங்கள். அப்பிடி ஒரு சாமானை என்ரை கையாலை தரமாட்டன்.”

அன்ரியை எதிர்த்து ஒருவர் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. அவர் பையைப் பார்த்தார். பியற்றிஸைப் பார்த்தார். என்னையும் பார்த்தார், நான் கூரையைப் பார்த்தேன்.

“கர்ப்பிணிப் பிள்ளையளுக்கு நானும் உப்பிடித்தான் சொல்லுறனான்” என்றார் கடைசியில். “நான் சொல்லுறபடி செய்யேலாது எண்டால் வேறை ஆளைப் பார் எண்டு. சரி, செய்யும்.”

பழைய மோதிரத்தை உருக்குகிற நாளில் பியற்றிஸ் அன்ரியை வீட்டுக்குக் கூப்பிட்டு மேசைக்குப் பக்கத்தில் இருத்தினாள். அன்ரி, “பொன்னும் உருக்கிற ஆளும் எண்டு ஒரு பழமொழி இருக்கு. சொல்லமாட்டன்” என்றார். உருக்குகிறவன் தாயின் பொன்னிலும் கொஞ்சம் எடுப்பான் என்பதைத்தான் சொன்னார்.

“நானும் கேள்விப்பட்டதுதான். அதுக்குத்தான் உங்களை இருத்திப்போட்டு உருக்கிறன்.”

முதலில் கல்லைக் கழற்ற வேண்டும். கல்லைப் பிடித்திருந்த பொன் நகங்கள் ஒவ்வொன்றையும் மெல்லிய உளியால் நிமிர்த்தினாள். அன்ரி மூச்சு விடவில்லை என்று நினைக்கிறேன். நீலக்கல் தோலில் விழுந்ததும் அதை எடுத்து அன்ரியின் உள்ளங்கையில் வைத்தாள். “வேலை முடியுமட்டும் நீங்களே பிடிச்சிருங்கோ.” அன்ரி அதைப் பொத்திப் பிடித்துக்கொண்டார்.

பொன்னைக் கிண்ணத்தில் போட்டு ஊதுகுழலை மூட்டினாள். பொன் முதலில் மங்கிற்று, பிறகு சிவந்தது, பிறகு ஒரு கணத்தில் சுருண்டு ஒரு மணியாக உருண்டு, பச்சையும் மஞ்சளும் கலந்த ஒளியோடு நடுங்கி நின்றது. பல தடவை பார்த்திருக்கிறேன். அந்தக் கணம் எனக்குப் பழகுவதே இல்லை. அன்ரி முன்னால் குனிந்து, “தலை தெரியுது” என்றார். பிள்ளைப்பேற்று அறையில் சொல்லுகிற வார்த்தை அது. சொன்ன பிறகுதான் அவருக்கே தெரிந்தது. மூன்று பேரும் சிரித்தோம்.

அதன் பிறகு பல நாள் வேலை. வார்த்த துண்டை அடித்தாள், இழுத்தாள், அறுத்தாள். பள்ளிக்கூடம் விடுமுறை என்பதால் சமையலறை வேலை இல்லை. காலைத் தேத்தண்ணியோடு அறைக்குள் போனால் மத்தியானம் நான் சாப்பாட்டுக் கோப்பையை அவள் முழங்கைக்குப் பக்கத்தில் வைப்பேன். அது ஆறிக் கிடக்கும். தாமரை மொட்டுகள் அரிசி மணியின் பாதி அளவு. அதிலும் இதழ்க் கோடு வெட்டினாள். “இதை ஆர் பாக்கப்போகினம்?” என்று கேட்டேன். “கண்ணாலை பாக்க ஏலாது. விரலுக்குத் தெரியும். கோடு இருந்தால் வழுக்காது” என்றாள்.

கடைசியாகக் கல்லை இருத்தினாள். நகங்களை ஒவ்வொன்றாக, எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தினாள். அன்ரி பக்கத்தில் நின்றார். கல் அசையாமல் இருந்ததும் பியற்றிஸ் மோதிரத்தைக் கழுவித் துடைத்து, போடாமல், அன்ரியின் முன்னால் வைத்தாள்.

“நீங்களே போடுங்கோ.”

அன்ரி இடது கையை மேசையில் வைத்தார். மோதிரம் விரிந்து விரலை வாங்கிக்கொண்டது. ‘டிக்.’ கையைத் திருப்பினார், உதறினார், முஷ்டி பிடித்தார். கல் நடுவில் நின்றது. பிறகு வலது பெருவிரலின் பக்கத்தால் மொட்டைத் தள்ளினார். முதல் முறை சரிவரவில்லை. இரண்டாவது முறை திறந்து கையில் விழுந்தது. திரும்பப் போட்டார். திரும்பக் கழற்றினார். அவர் போட்டுக்கொண்டும் கழற்றிக்கொண்டும் இருந்தார், பெரிய சமர்த்து வேலை ஒன்றைப் பழகிவிட்ட பிள்ளையைப் போல. பிறகு எழுந்து, எங்கள் குளியலறைக்குப் போய், மோதிரத்தைக் கழற்றி வைத்துவிட்டுக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டு வந்தார்.

“பிள்ளை,” என்றார், “எத்தினையோ டொக்டர்மாரின்ரை கையைக் கண்டனான். உம்மடை கை நல்ல கை.”

பியற்றிஸுக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் அரத்தூளைக் கூட்டுகிற சாக்கில் குனிந்துகொண்டாள்.

தர்மிகாவின் கலியாணம் ஆவணி மாதம் ஒரு மண்டபத்தில் நடந்தது. நாங்களும் போயிருந்தோம். தாலி கட்டி முடிந்து சனம் அறுகரிசி போட்டு வாழ்த்த வரிசையில் நின்ற நேரம், பெண்கள் பக்கத்தில் ஒரு சின்னக் கூட்டம் சேர்ந்துவிட்டது. ‘டிக்’, ‘டிக்’ என்று சத்தம். அன்ரி தன் வயதுப் பெண்களுக்கு மோதிரத்தைத் திறந்து காட்டிக்கொண்டிருந்தார். ஒருவர் தன் பருத்த மொளியை நீட்டிக் காட்டுகிறார், இன்னொருவர் பையிலிருந்து கைக்குட்டையில் சுற்றிய மோதிரத்தை எடுக்கிறார். ஐயர் மந்திரத்தை நிறுத்தி அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார். அன்ரி மணமகளின் தாய். அவரை அதட்ட ஆள் இல்லை.

“ஆர் செய்தது?” என்று யாரோ கேட்டார்கள்.

“அந்தா, நீலச் சீலை. பியற்றிஸ். ஆனால் சொல்லிப்போட்டன், அவ தான் சொல்லுறபடிதான் செய்வா. பிறகு என்னைக் குறை சொல்லக் கூடாது.”

அன்றிலிருந்து எங்கள் வீட்டுக் கதவு தட்டப்படத் தொடங்கியது. முதலில் எங்கள் ஆள்கள். வட லண்டன் எட்மண்டனிலிருந்து ஒரு அம்மா இரண்டு ரயில் மாறி வந்தார். பிறகு அவர்களோடு ஆஸ்பத்திரியில், கடையில் வேலை செய்தவர்கள் வந்தார்கள். கானாக்காரர், போலந்துக்காரர், விம்பிள்டனில் பெரிய வீட்டில் இருக்கிற ஆங்கிலப் பெண்மணி. பவுணா வெள்ளியா என்ற கேள்வி தானாக மறைந்தது; தங்கள் மோதிரத்தைத் திரும்பப் போட முடியுமா என்பதுதான் எல்லாருடைய கேள்வியும். அடுத்த ஆண்டு பியற்றிஸ் பள்ளிக்கூடச் சமையலறையில் சொல்லிக்கொண்டு விலகினாள். அவர்கள் அவளுக்கு ஒரு கேக் வெட்டினார்கள். அங்கேயும் ஒருவர் மோதிரத்தைக் கொண்டுவந்து கொடுத்தாராம்.

எல்லாருக்கும் ஒரே மாதிரிச் செய்து விற்கலாமே, அச்சில் வார்த்தால் வேகமாக முடியுமே என்று நான் ஒருமுறை கேட்டேன். அவள் என்னைக் கூப்பிட்டு, “கையைத் தாங்கோ” என்றாள். என் கையையும் தன் கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினாள். இரண்டும் ஒன்றுபோல இல்லை.

மார்கழியில் ஒருநாள் நான் வேலையால் வந்தபோது எங்கள் குசினியில் முன்பின் தெரியாத ஒரு வெள்ளைக்கார மூதாட்டி நின்று கேத்தலில் தண்ணீர் நிரப்பிக்கொண்டிருந்தார். மேல் கோட்டைக் கூடக் கழற்றவில்லை. முகத்தில் சின்னக் குழப்பம். பியற்றிஸ் கதிரையில் இருந்தபடி அவர் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். மேசையில் ஒரு சின்னப் பெட்டி, இன்னும் திறக்காமல்.

“என்ன நடக்குது?” என்று தமிழில் கேட்டேன்.

“அவவின்ரை மோதிரத்தைப் பிறகு பாப்பம்” என்றாள் பியற்றிஸ், கண்ணை எடுக்காமல். “முதல் எங்களுக்கு ஒரு தேத்தண்ணி போட்டுத் தரச் சொன்னனான். இருங்கோ, உங்களுக்கும் வரும்.”

மூதாட்டி கேத்தலை இரண்டு கையாலும் தூக்கி அடுப்புப் பக்கம் வைத்துவிட்டு, சீனிப் போத்தலின் மூடியைத் திறக்க முயன்றார். நான் எழுந்து உதவப் போனேன். பியற்றிஸ் என் சட்டையைப் பிடித்து இழுத்து இருத்தினாள்.